எந்தக் கோர்ட்டுக்குப் போவது?

மயிலத்திலிருந்து புதுச்சேரிக்கு ஒரு மணி நேர பஸ். 1954 வரை அந்தச் சாலை இரண்டு நாட்டு நீதிமன்றங்களுக்கு நடுவே ஓடியது.

மயிலத்துக்காரர் புதுச்சேரி வியாபாரிக்கு மயிலத்தில் வைத்துக் கடன் கொடுத்தார், பணம் திரும்பவில்லை என்று வைத்துக்கொள்வோம். 1908 சிவில் நடைமுறைச் சட்டம் 20ஆம் பிரிவுப்படி திண்டிவனம் முன்சீப் கோர்ட்டிலேயே வழக்குப் போடலாம். பக்கத்து ஊர், தெரிந்த வக்கீல். ஜெயிக்கவும் செய்யலாம். ஆனால் வியாபாரியின் கடையும் வீடும் எல்லைக்கு அந்தப் பக்கம். அங்கே அது அந்நியத் தீர்ப்பு. பிரெஞ்சு நீதிபதி ஒப்பாமல் ஒரு நாற்காலியைக்கூட ஜப்தி செய்ய முடியாது. எங்கள் வேலையில் 'என் லேப்டாப்ல ஓடுச்சே' என்பார்கள். ஓடவேண்டியது வாடிக்கையாளரின் மெஷினில் இல்லையா?

புதுச்சேரித் தீர்ப்பை இங்கே கொண்டுவந்தாலும் சிக்கல்தான். அதை ஆதாரமாக வைத்துப் புதிதாக வழக்குப் போடணும். 13ஆம் பிரிவில் எதிராளி நுழைய 6 வழிகள் இருந்தன. வியாபாரி வராமலே ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகியிருந்தால், 'சாராம்சத்தை விசாரிக்கவே இல்லை' என்று வாதாடலாம். நிலத்தகராறு என்றால் தேர்வே கிடையாது, நிலம் எங்கோ வழக்கும் அங்கே.

1954 நவம்பர் 1இல் நிர்வாகம் கைமாறியது, சட்டப்படியான ஒப்படைப்பு 1962 ஆகஸ்ட் 16இல். அந்த ஆண்டே சென்னை உயர்நீதிமன்றத்தின் அதிகாரம் புதுச்சேரிக்கும் நீண்டது. இப்போது திண்டிவனத்து இரண்டாம் மேல்முறையீடும் புதுச்சேரியுடையதும் போவது ஒரே இடத்துக்குத்தான். ஆனால் 1881 ஆணைப்படி பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்ற குடும்பங்களின் சொத்து வழக்கு வந்தால், அங்கே இன்னமும் நெப்போலியன் காலச் சட்டத்தைப் புரட்டித்தான் ஆகவேண்டும்.