வீடு போனால் நஷ்டம் யாருக்கு?

வீடு வாங்குகிறவர் முன்பணம் கொடுப்பதற்குள் பத்து விஷயம் பார்த்துவிடுவார். மூலப் பத்திரம், வில்லங்கச் சான்றிதழ், பட்டா, வீட்டு வரி ரசீது, கிணற்றில் தண்ணீர், வாசல் பார்க்கும் திசை... எதையும் விடமாட்டார். ஆனால், ஒரு கேள்வியை மட்டும் கேட்கவே மாட்டார்.

'பாக்கிப் பணம் கட்டி முடிப்பதற்குள் வீடு தீப்பிடித்துப் போனால், நஷ்டம் யாருக்கு?'

'வாயைக் கழுவுங்க சார்!' என்கிறீர்களா? அபசகுனமான கேள்விதான். ஆனால், இதற்காக கோர்ட் படியேறியவர்கள் உண்டு. சட்டமே எழுதியவர்கள் உண்டு. அந்தக் கதையைப் பார்ப்பதற்கு முன்னால் நாங்குநேரிக்கு ஒரு நடை போய் வருவோம். கற்பனை உதாரணம்தான். ஆனால், நம்மூரில் எங்கும் நடப்பதுதான்.

வானமாமலைப் பெருமாள் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு பழைய ஓட்டு வீடு. சொந்தக்காரர் மும்பையில் செட்டிலாகிவிட்டார். உள்ளூரில் கடை வைத்திருக்கும் ஒருவர் கேட்கிறார்.

''அண்ணாச்சி, வீட்டை எனக்கே குடுத்திருங்க. பன்னிரண்டு லட்சம் முழுசா கையில இல்ல. இப்ப நாலு தாரேன். மிச்சத்த ரெண்டு வருஷத்துல தவணையா கட்டிருதேன்.''

''சரி தம்பி, நீ குடியேறிக்க. பணம் முடிஞ்சதும் பத்திரத்தப் போட்டுக்கிடலாம்.''

முத்திரைத்தாளில் அக்ரிமென்ட். சாவி கைமாறுகிறது. பால் காய்ச்சுகிறார்கள். பேங்க் கிடையாது, மேனேஜர் கிடையாது, வட்டி விகிதம் கிடையாது. விற்பவரே கடன் கொடுப்பவர். இரண்டு பேருக்கும் சௌகரியம்.

ஆனால், அந்த பேங்க் மேனேஜர் இல்லாததில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. வீட்டுக் கடன் கொடுக்கும் பேங்க், வீட்டை இன்ஷூர் செய்யச் சொல்லும். பாலிசியில் தன் பெயரையும் சேர்க்கச் சொல்லும். இங்கே அப்படிச் சொல்ல ஆளே இல்லை. விற்றவர் 'இனி அது அவன் வீடு' என்று இருந்துவிடுவார். வாங்கியவரோ 'பத்திரம் இன்னும் அண்ணாச்சி பேர்லதானே இருக்கு' என்று இருந்துவிடுவார்.

இனி லிவர்பூல் கதை. வருடம் 1878. பிரஸ்டன் தரப்பு தங்கள் கட்டடத்தை ரேய்னர் தரப்புக்கு 3,100 பவுண்டுக்கு விற்க ஒப்பந்தம் போட்டது. பிரஸ்டன் ஏற்கெனவே அந்தக் கட்டடத்துக்குத் தீ விபத்து பாலிசி எடுத்திருந்தார்கள். ஒப்பந்தத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கிரையம் முடிவதற்குள் கட்டடத்தில் தீ! இன்ஷூரன்ஸ் கம்பெனி பிரஸ்டன் தரப்புக்கு 330 பவுண்டு கொடுத்தது.

ரேய்னர் கேட்டார்கள்: 'முழு விலையும் கொடுத்து, எரிந்த கட்டடத்தை வாங்குவது நாங்கள். அந்த 330 பவுண்டு எங்களுக்குத்தானே வர வேண்டும்?'

நியாயமான கேள்விதான் இல்லையா? 1881-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் 'வராது' என்றது. மூன்று நீதிபதிகளில் ஒருவர் மட்டும் ரேய்னர் பக்கம். மற்ற இருவர் சொன்ன காரணம்தான் முக்கியம். பாலிசி என்பது கம்பெனிக்கும் அதை எடுத்தவருக்கும் இடையேயான ஒப்பந்தம். கதவு, ஜன்னல் மாதிரி அது வீட்டோடு சேர்ந்து விலைக்கு வராது!

பிரஸ்டன் தரப்புக்கு ஒரே கொண்டாட்டம். விலையும் முழுசாக வந்தது, இன்ஷூரன்ஸும் வந்தது. ஆனால், அது நீடிக்கவில்லை. இப்போது கம்பெனி தரப்பு கோர்ட்டுக்கு வந்தது. 'உங்களுக்குத்தான் முழு விலை கிடைத்துவிட்டதே, நஷ்டமே இல்லையே, எங்கள் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்!' 1883-ல் கம்பெனி ஜெயித்தது. நஷ்டத்தை ஈடுகட்டத்தான் இன்ஷூரன்ஸ், லாபம் பார்க்க அல்ல என்று நீதிபதிகள் சொன்னார்கள். இன்றுவரை இன்ஷூரன்ஸ் படிக்கிறவர்கள் மனப்பாடம் செய்யும் தீர்ப்பு இது.

கணக்குப் பாருங்கள். விற்றவருக்கு நஷ்டம் இல்லை. பிரீமியம் வாங்கிய கம்பெனிக்கும் நஷ்டம் இல்லை. மொத்த அடியும் வாங்கியவர் தலையில்!

இந்த இரண்டு தீர்ப்புகளுக்கும் நடுவில், 1882 ஜூலை 1-ம் தேதி, இந்தியாவில் சொத்து மாற்றுச் சட்டம் அமலுக்கு வந்தது. மதராஸ் மாகாணத்துக்கும் சேர்த்துத்தான். இன்றும் நாங்குநேரி வீட்டுக்கு அதுதான் சட்டம். அதன் 49-வது பிரிவைப் பாருங்கள். சொத்து விலைக்குக் கைமாறும் நாளில் அதற்குத் தீ விபத்து பாலிசி இருந்து, பிறகு தீயால் சேதம் வந்தால், விற்றவர் கைக்கு வரும் இன்ஷூரன்ஸ் பணத்தை அந்த வீட்டைச் சீரமைக்கச் செலவழிக்கும்படி வாங்கியவர் கேட்கலாம். வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாதவரை இது செல்லும். இங்கிலாந்தில் வாங்குகிறவருக்கு இன்ஷூரன்ஸ் பணத்தில் உரிமை கொடுத்து சட்டம் வந்தது 1925-ல்!

'அப்போ கவலையே இல்லை' என்று சாய்ந்து உட்கார வேண்டாம். பிரிவு 49-ல் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன. ஒன்று, விற்றவர் 'உண்மையில் பெற்ற' பணத்துக்குத்தான் அது பொருந்தும். கம்பெனி கையை விரித்துவிட்டால் கேட்க எதுவும் இல்லை. இரண்டு, அது தீயை மட்டும்தான் பேசுகிறது. தாமிரபரணிச் சீமையிலோ பயம் தண்ணீரால்! 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நெல்லையும் தூத்துக்குடியும் என்ன பாடுபட்டன என்று தெரியும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. அந்த வெள்ளத்துக்கு 1882-ம் வருடத்துச் சட்டப் பிரிவில் இடமே இல்லை.

சரி, நம் உதாரணத்தில் நஷ்டம் யாருக்கு? பத்திரம் பதிவாகும்வரை சட்டத்தின் கண்ணில் வீடு மும்பை அண்ணாச்சியுடையதுதான். கிரைய ஒப்பந்தம் மட்டும் சொத்தில் உரிமை தராது என்கிறது பிரிவு 54. பவரும் அக்ரிமென்ட்டும் கையில் இருந்தாலே வீடு சொந்தமாகிவிடாது என்று 2011-ல் சுப்ரீம் கோர்ட்டும் அழுத்திச் சொல்லிவிட்டது. வீடு போனால் போனது அண்ணாச்சி சொத்து. ஆனால், கடைக்காரர் கொடுத்த நாலு லட்சம்? கொடுத்த பணத்துக்கு அந்தச் சொத்தின் மீது சட்டம் அவருக்குப் பிடிமானம் தருகிறது. சொத்தில் பாதி தரைமட்டமாகிவிட்டால், பிடிமானத்தின் மதிப்பும் பாதிதானே?

அதையே திருப்பிப் போடுங்கள். பத்திரத்தை முதலிலேயே பதிவு செய்துவிட்டு, பாக்கி எட்டு லட்சத்தைத் தவணையாகக் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். இப்போது வீடு கடைக்காரருடையது. நஷ்டமும் அவருடையதே என்று பிரிவு 55 சொல்கிறது. வீடு இடிந்தாலும் தவணை நிற்காது! அண்ணாச்சிக்கோ பாக்கிப் பணத்துக்கு அந்தச் சொத்தின் மீது உரிமை உண்டு. ஆனால், சுவர் விழுந்த பிறகு மிஞ்சுவது மனை மட்டும்தான்.

ஆக, எந்த வழியில் போனாலும், தவணை முடியும்வரை அந்த வீட்டில் இரண்டு பேருடைய பணம் இருக்கிறது. ஒருவர் பெயரில் மட்டும் பாலிசி இருந்தால், இன்னொருவர் பாதுகாப்பில்லாமல் நிற்கிறார்.

இதற்கு வழி ரொம்ப சுலபம். அக்ரிமென்ட்டில் நாலு வரி சேர்த்தால் போதும். பிரீமியம் யார் கட்டுவது? பாலிசியில் இரண்டு பேர் பெயரும் வருமா? எவ்வளவு தொகைக்கு எடுப்பது? கிளெய்ம் பணம் வந்தால் வீட்டைக் கட்டவா, பாக்கியில் கழிக்கவா? இந்த நாலையும் எழுதிக்கொண்டு, கம்பெனிக்கும் ஒப்பந்தத்தைக் காட்டிவிடுங்கள். பத்திரம் பதிவாகும் நாளில் மறுபடியும் சொல்லுங்கள். பழைய பாலிசி தானாகப் புது ஓனருக்கு மாறிவிடும் என்று நினைத்தால், ரேய்னர் கதைதான்.

தொகை விஷயத்தில் ஒரு ஜாக்கிரதை. பன்னிரண்டு லட்சம் என்பது மனையும் சேர்ந்த விலை. மனை எரியாது, கரையாது. கட்டடத்தைத் திரும்பக் கட்ட என்ன செலவாகுமோ அதற்குத்தான் இன்ஷூரன்ஸ். 2021 ஏப்ரல் 1 முதல் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற பெயரில் ஒரே மாதிரியான வீட்டு பாலிசி வந்திருக்கிறது. தீ, வெள்ளம், புயல், நிலநடுக்கம் எல்லாம் அதில் அடக்கம். பத்து வருடம்வரை மொத்தமாக எடுக்கலாம். பெரும்பாலான தவணைகள் அதற்குள் முடிந்துவிடும்.

''நம்ம அண்ணாச்சிதான, பாத்துக்கிடலாம்'' என்பது நல்ல மனசுதான். ஆனால், வெள்ளம் வந்த மறுநாள் இரண்டு நல்ல மனிதர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் நிற்பதைவிட, அக்ரிமென்ட் எழுதும்போதே அந்த அபசகுனக் கேள்வியைக் கேட்டுவிடுவது மேல்.