எஸ்.எல்.ஆர்.: இதில் ‘ஆர்’ ஆர்?

பாக்கெட்டில் போடும் சின்ன டிஜிட்டல் கேமராவை விட்டுவிட்டு முதன்முதலாக டி.எஸ்.எல்.ஆர். வாங்க வந்தவர்கள், 2005 வாக்கில், கடையிலேயே ஒரு தடவை திகைத்துப் போவார்கள். பழக்கதோஷத்தில் இரண்டு கையையும் முன்னால் நீட்டிக் கேமராவைப் பிடிப்பார்கள். பின்பக்கத் திரை கறுப்பாக இருக்கும். “ஆன் ஆகலையா?” என்பார்கள். “கண்ணை வெச்சுப் பாருங்க சார்” என்பார் கடைக்காரர். அப்போதுதான் அந்தச் சின்னத் துளைக்குள் உலகம் தெரியும். கூடுதலாகக் காசு கொடுத்து வாங்கும் பொருளில், பழைய கேமராவில் இருந்த வசதி ஒன்று காணாமல் போயிருக்கிறது. ஏன் போனது என்பதற்கான பதில் கேமராவின் பெயரிலேயே, கடைசி எழுத்தில் ஒளிந்திருக்கிறது.

டிஜிட்டல் சிங்கிள் லென்ஸ் ரிஃப்ளெக்ஸ். ‘டிஜிட்டல்’ பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட முன்னொட்டு. ‘சிங்கிள் லென்ஸ்’, ஒற்றை லென்ஸ் என்பது, யோசித்தால், எதையுமே சொல்லவில்லை. சட்டைப்பைக் கேமராவிலும் ஒற்றை லென்ஸ்தான். மிஞ்சுவது ‘ரிஃப்ளெக்ஸ்’. அதுதான் பொருளின் பெயர்.

லத்தீனில் ‘ஃப்ளெக்டெரே’ என்றால் வளைப்பது. ‘ரெ’ சேர்ந்தால் திருப்பி வளைப்பது. ஒளி ஒரு பரப்பில் பட்டுத் திரும்புவதற்கு ஐரோப்பிய மொழிகள் இந்த வினையைத்தான் எடுத்துக்கொண்டன. மனம் ஒன்றைத் திரும்ப எண்ணிப் பார்ப்பதும், முழங்காலில் சுத்தியால் தட்டினால் கால் தானாக எழும்புவதும் இதே வேரிலிருந்துதான். இரண்டாவதற்கு நம் பாடநூல்கள் ‘அனிச்சைச் செயல்’ என்கின்றன. அகராதியை மட்டும் நம்பிக் கேமராவைத் தமிழாக்கப் போகிறவர் இங்கேதான் வழுக்குவார். கேமராவில் வரும் ரிஃப்ளெக்ஸுக்கு அனிச்சையோடு உறவில்லை. அது இயற்பியல் பாடத்து ‘எதிரொளிப்பு’. இன்னும் நேராகச் சொன்னால், கண்ணாடி.

தெருமுனையில் கட்டும் ஃப்ளெக்ஸ் பேனருக்கும் இதே வேர்தான். வளையக்கூடியது என்பதால் அதற்கு அந்தப் பெயர். பேனரில் சிரிக்கும் முகத்தை எடுத்த கேமராவும் அந்த முகத்தைத் தாங்கும் துணியும் பெயரளவில் பங்காளிகள்.

லென்ஸைக் கழற்றிவிட்டு ஒரு டி.எஸ்.எல்.ஆரின் வாய்க்குள் பார்த்தால் அந்தக் கண்ணாடி தெரியும். தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரியது, 45 பாகை சாய்ந்து நிற்கும். நம் முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் பூச்சு பின்னால் இருக்கும். இதற்கு முன்பக்கத்திலேயே பூச்சு. அதனால் விரல் படக்கூடாது. லென்ஸ் வழியாக வரும் ஒளி இதில் பட்டு மேலே திரும்பி, மங்கலான ஒரு தகட்டில் படமாக விழுகிறது. அதைத்தான் கண் பார்க்கிறது. பொத்தானை அழுத்தினால் கண்ணாடி ‘டக்’கென்று மேலே போய் ஒட்டிக்கொள்ளும், ஷட்டர் திறந்து மூடும், கண்ணாடி மீண்டும் கீழே விழும். கல்யாண வீட்டில் நாம் கேட்டுப் பழகிய ‘கிளக்’ ஓசையில் பெரும்பங்கு இந்தக் கண்ணாடியுடையது. கண்ணாடி கீழே இருக்கும்வரை சென்சாருக்கு வெளிச்சமே போகாது. பின்பக்கத் திரை கறுத்துக் கிடந்ததன் காரணம் இவ்வளவுதான்.

இந்த ஏற்பாடு புகைப்படத்தைவிட மூத்தது. கேமரா அப்ஸ்கூரா என்ற இருட்டறைப் பெட்டிக்குள் சாய்வாகக் கண்ணாடி வைத்து, பிம்பத்தை மேலே திருப்பி, அதன்மேல் தாள் விரித்து ஓவியர்கள் வரைந்தார்கள். ஜெர்மானியத் துறவி யோஹான் ட்ஸான் 1685இல் வெளியிட்ட நூலில் அத்தகைய கைப்பெட்டியின் படமே இருக்கிறது. (‘கேமரா’வே அறைதான். இந்தியில் ‘கம்ரா’, சிங்களத்தில் ‘காமரய’ என்று போர்ச்சுகீசியர் விட்டுச்சென்ற அதே சொல். கப்பலில் அறையாக வந்தது, பிறகு கருவியாக இன்னொரு முறை வந்தது.) ஒளியைப் பிடித்துவைக்கும் வேதியியல் வந்தபின், 1861இல் இங்கிலாந்தின் தாமஸ் சட்டன் இந்தக் கண்ணாடியைப் புகைப்படப் பெட்டிக்குள் வைத்துக் காப்புரிமை வாங்கினார். 1884இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த கேமராவுக்கு கால்வின் ரே ஸ்மித் வைத்த பெயர் ‘மோனாகுலர் டூப்ளெக்ஸ்’. ஒற்றைக்கண், இரட்டை வேலை: பார்ப்பதும் அந்த லென்ஸே, எடுப்பதும் அந்த லென்ஸே. ரிஃப்ளெக்ஸ் என்ற சொல் இல்லாமலே விஷயத்தைத் துல்லியமாகச் சொன்ன பெயர் அது. நிலைக்கவில்லை. நல்ல பெயர்கள் பல அப்படித்தான் போகின்றன.

நியூயார்க்கின் ஃபோல்மர் அண்ட் ஷ்விங் நிறுவனம் ஏற்கெனவே ‘கிராஃபிக்’ என்ற பெயரில் கேமரா விற்றுக்கொண்டிருந்தது. அதோடு ரிஃப்ளெக்ஸை இணைத்து, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘கிராஃப்ளெக்ஸ்’ என்றார்கள். அங்கேதான் ‘ஃப்ளெக்ஸ்’ தனியே கழன்று வால் ஆனது. அதற்குப் பிறகு எதில் வேண்டுமானாலும் ஒட்டலாம் என்றாகிவிட்டது. 1929இல் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக்கிலிருந்து ரோலைஃப்ளெக்ஸ். 1939இல் டிரெஸ்டனிலிருந்து பிராக்டிஃப்ளெக்ஸ். 1952இல் ஜப்பானிலிருந்து அசாஹிஃப்ளெக்ஸ். 1959இல் கேனன்ஃப்ளெக்ஸ். அந்த வாலைப் பார்த்தாலே உள்ளே கண்ணாடி இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

இதில் ரோலைஃப்ளெக்ஸ் ஒரு குழப்பத்தையும் கொண்டுவந்தது. அதற்கு இரண்டு லென்ஸ், ஒன்றின்மேல் ஒன்று. மேலுள்ளது பார்ப்பதற்கு, கீழுள்ளது எடுப்பதற்கு. கண்ணாடி மேல்தளத்தில் அசையாமல் இருக்கும். நம் ஊர் ஸ்டூடியோக்களில் பழைய தலைமுறை இதையும் இதன் ஜப்பானிய உறவான யாஷிகா மேட்டையும் கழுத்தில் மாட்டிக்கொண்டு, மணமக்கள் முன்னால் தலைகுனிந்து நின்றே படம் எடுத்தது. பிம்பம் மேலிருந்து பார்க்கும்படி விழும், அதுவும் இடவலம் மாறி. இந்த இரட்டை லென்ஸ் வகை உலகமெங்கும் பரவியதால்தான் மற்றதை ‘ஒற்றை லென்ஸ்’ என்று பிரித்துச் சொல்லவேண்டிய தேவை அழுத்தமாக வந்தது. செல்போன் வந்தபிறகு வீட்டுப் போன் ‘லேண்ட்லைன்’ ஆனதே, அந்த மாதிரி. எஸ்ஸும் எல்லும் ஒரு பழைய போட்டியின் தழும்புகள். போட்டியாளர் களத்தைவிட்டே போய்ப் பல பத்தாண்டுகள் ஆகியும் தழும்பு பெயரில் இருக்கிறது.

தலைகுனிய வைத்த ரிஃப்ளெக்ஸைத் தலைநிமிர வைத்தது ஐந்துபக்கப் பட்டகம். கண்ணாடியிலிருந்து மேலே வரும் பிம்பத்தை உள்ளுக்குள் திருப்பித் திருப்பி, இடவலத்தையும் நேராக்கிக் கண்மட்டத்துக்குக் கொண்டுவந்துவிடும். 1949இல் டிரெஸ்டனில் வந்த கான்டாக்ஸ் எஸ் அதோடு விற்பனைக்கு வந்த முன்னோடிகளில் ஒன்று. ‘பென்டாப்ரிஸ’த்தின் தலையையும் ‘கான்டாக்ஸி’ன் வாலையும் வெட்டி ஒட்டி ‘பென்டாக்ஸ்’ என்ற பெயரைப் பதிவுசெய்து வைத்திருந்தவர்கள் கிழக்கு ஜெர்மானியர்கள்தான். அசாஹி நிறுவனம் அந்தப் பெயரை அவர்களிடமிருந்து வாங்கி, 1957இல் தன் கேமராவுக்குச் சூட்டியது. ஜப்பானியப் பெயர் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் பென்டாக்ஸ், டிரெஸ்டனில் பிறந்து தத்துப்போன பிள்ளை.

நிக்கான் செய்தது இன்னும் வேடிக்கை. 1959இல் தன் முதல் எஸ்.எல்.ஆருக்கு ஒரே எழுத்தில் ‘எஃப்’ என்று பெயர் வைத்தது. ரிஃப்ளெக்ஸின் எஃப். முதலெழுத்து ‘ஆர்’ இருக்க, ஏன் நடுவெழுத்து? ஆசிய மொழிகள் பலவற்றில் அந்த ரகரம் உச்சரிப்புக்கு வசப்படாது என்பதால் என்று காரணம் சொல்வார்கள். ரகரம், றகரம் என்று இரண்டை வைத்துக்கொண்டு புழங்கும் நமக்கு அந்தச் சங்கடம் புரியாது. லென்ஸ் மாட்டும் வளையத்துக்கும் ‘எஃப் மவுண்ட்’ என்றே பெயர் நின்றது. 2006இல் வந்த நிக்கானின் மலிவு டி.எஸ்.எல்.ஆரான டி40 வரை, அதைத் தாண்டியும், அதே வளையம்தான். முதல் டி.எஸ்.எல்.ஆர். வாங்கியவர் கையில் ரிஃப்ளெக்ஸின் நடுவெழுத்தும் இருந்தது, அவருக்குத் தெரியாமலே.

மலிவு டி.எஸ்.எல்.ஆர். என்ற வகையைத் தொடங்கிவைத்தது கேனன், 2003இல். 63 லட்சம் பிக்சல். லென்ஸ் இல்லாமல் 899 டாலர். ஆயிரம் டாலருக்குள் அதுவரை இப்படி ஒன்று வந்ததில்லை. அந்த ஒரே கேமராவுக்கு மூன்று பெயர். இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் ஈ.ஓ.எஸ். 300டி. அமெரிக்காவில் டிஜிட்டல் ரெபெல், அதாவது கலகக்காரன். ஜப்பானில் கிஸ் டிஜிட்டல். முத்தமேதான். ஃபிலிம் காலத்திலிருந்தே ஜப்பானில் கேனனின் மலிவு கேமரா, குழந்தைகளைப் படமெடுக்கும் இளம் அம்மாக்களை மனத்தில் வைத்து விற்கப்பட்டது. அமெரிக்காவில் அதே வரிசையை டென்னிஸ் வீரர் ஆந்த்ரே அகாஸியின் நீளமுடியை வைத்து விளம்பரம் செய்தார்கள். டோக்கியோவில் தாய்ப்பாசம், லாஸ் ஏஞ்சலஸில் கலகம். நமக்கு வெறும் எண். அந்த எண்ணிலும் ஒரு சாதிமுறை உண்டு: இலக்கம் கூடக்கூடத் தகுதி இறங்கும். 1டி பத்திரிகைக்காரருக்கு, 10டி ஆர்வலருக்கு, 300டி புதியவருக்கு. 2008இல் நான்கிலக்கமாக 1000டி வந்தபோது அது இன்னும் ஒரு படி கீழே.

மூன்று பெயர்களில் ‘ரெபெல்’ மட்டும் தற்செயலாக உண்மையானது. 300டியில் இருந்தது, விலை கூடிய 10டியில் இருந்த அதே 63 லட்சம் பிக்சல் சென்சார். சில வசதிகளை மென்பொருளில் பூட்டி வைத்திருந்தார்கள். பயனர்கள் அந்தப் பூட்டைத் திறந்துவிட்டார்கள்.

ஆனால் பட்டகத்தில் செய்த சிக்கனத்தை எந்த மென்பொருளாலும் திறக்க முடியாது. திடக் கண்ணாடிப் பட்டகம் கனம், விலையும் அதிகம். அதனால் 300டியிலும் டி40இலும் உள்ளீடற்ற கூட்டில் கண்ணாடித் துண்டுகளை ஒட்டி அதே வேலையைச் செய்யவைத்தார்கள். பிம்பம் சற்று இருண்டு, சற்றுச் சிறுத்து, சுரங்கத்தின் மறுமுனைபோலத் தெரியும். எடுக்கப்போகும் படத்தின் அகல உயரத்தில் சுமார் 95 விழுக்காடுதான் அதில் அடங்கும். ஓரத்தில் நுழைந்த வாழைமரமும் மின்கம்பியும் பிறகுதான் தெரியவரும். ரிஃப்ளெக்ஸ் என்ற பெயரை நம்பி வாங்கியவருக்குக் கிடைத்தது ரிஃப்ளெக்ஸின் சிக்கனப் பதிப்பு.

அப்படியிருந்தும் படம் பழைய கேமராவைவிடப் பல மடங்கு நன்றாக வந்தது. அதற்குக் காரணம் கண்ணாடியோ பட்டகமோ கிடையாது, சென்சாரின் பரப்பு. 300டியில் அது 22.7க்கு 15.1 மில்லிமீட்டர். அன்றைய கையடக்கக் கேமராக்களில் நல்லதொன்றில் சுமார் 7.2க்கு 5.3. பெருக்கிப் பார்த்தால் ஒன்பது மடங்கு. மாலைநேர வெளிச்சத்தில் முகம் புள்ளிபுள்ளியாகாமல் வந்ததும், பின்னணி கரைந்து நின்றதும் இந்த ஒன்பது மடங்கால். இதைச் சொல்ல அந்தப் பெயரில் ஓர் எழுத்துகூட இல்லை. சின்ன சென்சாருக்குச் சூட்டிய பெயரோ பொய்யே சொன்னது. ‘1/1.8 அங்குலம்’ என்று பெட்டியில் போட்டிருக்கும். அளந்தால் மூலைவிட்டம் 9 மில்லிமீட்டர்தான் தேறும். பழைய டி.வி. கேமராவின் விடிகான் குழாய்க்கு வெளிவிட்டத்தை அங்குலத்தில் சொல்லிவந்த வழக்கம் அப்படியே ஒட்டிக்கொண்டது. குழாய் போய்விட்டது, அதன் கனம் கணக்கில் இருக்கிறது.

கறுத்த திரையைப் பார்த்துத் திகைத்தவர்களின் குறை சீக்கிரமே தீர்ந்தது. 2006இல் ஒலிம்பஸ் ஈ-330இல் பின்பக்கத் திரையைப் பார்த்தே படம் எடுக்க முடிந்தது. 2008இல் கேனனின் 450டியிலும் அந்த வசதி வந்தது. அதில் கண்ணாடியைத் தூக்கி நிறுத்திவிட்டுச் சென்சாரையே பார்க்கவிட்டார்கள். அதாவது அந்த நேரத்துக்கு அது ரிஃப்ளெக்ஸ் இல்லை. கண்ணாடியை எந்நேரமும் தூக்கியே வைக்கலாமென்றால் அது எதற்கு என்று யாராவது கேட்கத்தான் செய்வார்கள். அதே 2008இல் பேனசோனிக் ஜி1 கண்ணாடியே இல்லாமல், லென்ஸ் மாற்றும் வசதியோடு வந்தது. ‘மிரர்லெஸ்’ என்ற பெயர் அந்த வகைக்கு நிலைத்தது. இருப்பதை வைத்தல்லாமல் இல்லாததை வைத்துப் பெயர் பெற்ற பொருள். கண்ணாடி அத்தனை நாள் இருந்ததற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

2018இல் கேனன் தன் புது மிரர்லெஸ் வரிசைக்கு வைத்த பெயர் ‘ஆர்’. உள்ளே கண்ணாடி கிடையாது. எழுத்துக்கு வேறொரு விளக்கம் தந்தார்கள், ‘ரீஇமேஜின்’, மறுபடி கற்பனை செய்வது. ஜப்பானில் அதே ஆண்டு வந்த சின்ன மிரர்லெஸ் ‘கிஸ் எம்’. 2023இல் வந்த ஆர்50 அங்கேயும் ஆர்50தான். முத்தம் போய் எண் வந்துவிட்டது. நிக்கான் தன் புது வரிசைக்கு அகரவரிசையின் கடைசி எழுத்தான ‘இசட்’டை எடுத்துக்கொண்டது. பழைய எஃப் மவுண்ட் லென்ஸ்களைத் தூக்கிப்போட மனமில்லாதவர்களுக்காக ஓர் இணைப்பு வளையமும் விற்றது. அதன் பெயர் ‘எஃப்.டி.இசட்.’, எஃப்பிலிருந்து இசட்டுக்கு. லென்ஸுக்கும் உடலுக்கும் நடுவில் கண்ணாடி இருந்த ஆழத்தை ஈடுகட்ட வைத்த குட்டைக் குழாய் அது. உள்ளே வெறும் காற்று.