கோட்டைக்குள் ஒரு வீடு

திருகோணமலைக் கோட்டை வாயிலைக் கடந்து கோணேசர் கோயிலுக்கு ஏறிச் செல்லும் அடியார்கள், வழியிலே உலவும் புள்ளிமான்களை நின்று பார்ப்பார்கள். அங்குள்ள பழைய வீடொன்றை அநேகமாகத் திரும்பியும் பாரார்கள். வெல்லெஸ்லி மாளிகை என்பது அதன் பெயர். 18ஆம் நூற்றாண்டின் இறுதிக்காலத்துக் கட்டடம் என்று அதனைக் கூறுவர். என் மாணாக்கரை ஒருமுறை கோயிலுக்கு அழைத்துச் சென்றபோது, ஒரு சிறுமி அதைக் காட்டி, “இதைக் கட்டியது யார், ஐயா?” என்று கேட்டாள். “வெல்லெஸ்லி தங்கியிருந்த வீடு” என்றேன். கேட்டது ஒன்று, நான் சொன்னது வேறொன்று என்பது வீடு திரும்பிய பின்னரே எனக்கு உறைத்தது.

ஆர்தர் வெல்லெஸ்லி பிற்காலத்தில் வெலிங்டன் கோமகனாகி, 1815இல் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்றவர். 1800ஆம் ஆண்டு டிசம்பரில், தமது 31ஆம் வயதில், இங்கே திரண்டிருந்த படைக்குத் தலைமை தாங்க வந்தார். 1801 பெப்ரவரியில் பம்பாய்க்குப் புறப்பட்டுவிட்டார். எகிப்துக்குச் செல்லும் கப்பலில் ஏறவிடாமல் நோய் அவரைத் தடுத்தது; அந்தச் ‘சுசானா’ என்னும் கப்பல் பின்னர் செங்கடலில் மூழ்கிற்று. அவரைக் காப்பாற்றிய காய்ச்சல் திருகோணமலையில் வந்ததென்று நம்மூரார் சொல்லுவதுண்டு. அது பம்பாயில் வந்த காய்ச்சல். அந்தப் பெருமை நமக்கு உரியதன்று!

விருந்தாளி தங்கியது ஏறக்குறைய இரண்டு மாதம். வீடோ இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக நிற்கின்றது.

அதே காலத்தில், கடலுக்கு அப்பால், புதிதாய்ச் சுதந்திரம் பெற்ற அமெரிக்காவின் நாட்டுப்புறங்களிலே வசதி படைத்த கமக்காரர்கள் வீடுகள் கட்டிக்கொண்டிருந்தனர். கூட்டாட்சி அரசு தோன்றிய காலத்தை ஒட்டி எழுந்தமையால் அந்தப் பாணியைக் கூட்டாட்சிப் பாணி என்பர். சுமார் 1780 முதல் 1830 வரை அது செழித்தது. முகப்பின் நட்டநடுவே வாயில். அதன் தலைமேல் விசிறிபோல் விரிந்த அரைவட்டக் கண்ணாடி. இருபுறமும் எண்ணிக்கை பிசகாத யன்னல்கள். ஸ்கொத்லாந்துக் கட்டடக் கலைஞர் ரொபர்ட் ஆடம் பழைய ரோமரிடமிருந்து கற்றுப் பரப்பிய ஒழுங்கு அது. நம் கடற்கரைக்கு வந்த ஆங்கிலேய அதிகாரிகளும் அந்த ஒழுங்கிலே கண் பழகியவர்கள்தாம்.

ஆனால் அங்கே வீட்டின் உயிர் அடுப்பங்கரையிலும் புகைபோக்கியிலும் இருந்தது. பனியை வெளியே நிறுத்த வேண்டும். சூட்டை உள்ளே பிடித்துவைக்க வேண்டும். இங்கே வைகாசி தொடங்கினால் கச்சான் காற்று அனலாய் அடிக்கின்றது. ஐப்பசிக்குப் பின் வாடை மழையைச் சாய்த்து வீசுகின்றது. வெயில் சுவரைத் தொடக்கூடாது. மழைச்சாரல் யன்னலை எட்டக்கூடாது. ஆகவே இந்நாட்டில் ஒல்லாந்தர் வீடுகளும் அவர்களுக்குப் பின்வந்த ஆங்கிலேயர் பங்களாக்களும் தடித்த சுவரெழுப்பி, சரிந்த ஓட்டுக்கூரையை வெகுதூரம் இறக்கி, அதன் நிழலிலே தூண்வரிசை நிறுத்தின. முகப்பின் ஒழுங்கு ஐரோப்பாவினுடையது; அந்த நிழல் நம்முடைய திண்ணை கற்பித்தது என்பேன் நான்.

வீட்டைப் பற்றிய நம் பேச்சையே சற்றுக் கவனியுங்கள். விறாந்தை, யன்னல், குசினி, கதிரை, அலுமாரி: இவையெல்லாம் போர்த்துக்கேயர் வழியாக வந்த சொற்கள். கந்தோர் ஒல்லாந்தர் தந்தது. தூண், வளை, கூரை, நிலை, முற்றம் என்பன நமக்கே உரியவை. பாரந் தாங்கும் உறுப்புகளுக்கு எவரிடமும் நாம் பெயர் கடன் வாங்கவில்லை. 1624இல் கோணேசர் கோயிலை இடித்துப் போர்த்துக்கேயர் கோட்டை கட்டினர்; அவர்கள் விட்டுச் சென்ற சொல்லைக் கொண்டே யன்னலைத் திறந்து கோயில் மணியைக் கேட்கிறோம். ஒல்லாந்தருக்குப் பின், 1782இல் ஓராண்டிலேயே ஆங்கிலேயரும் பிரான்சியரும் மாறிமாறிப் பிடித்து, 1795இல் மீண்டும் ஆங்கிலேயர் கைப்பற்றிய கோட்டை இது. கொடிகள் அடிக்கடி மாறின. நம் மாவட்டத்து முதிரையும் பாலையும் மாறவில்லை. இங்குள்ள சமண்டலை ‘திருகோணமலை மரம்’ என்றே பெயர் பெற்றுச் சென்னைக்குக் கப்பலேறி, அங்கே அலையில் தள்ளும் மசூலாப் படகாயிற்று.

என் பாட்டியாரின் வீடு தம்பலகாமத்தில், கந்தளாய்க் குளத்து நீர் பாயும் வயலோரம் இருந்தது. நடுவே முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், மண்சுவர், முதிரை நிலை, பின்புறத்தே நெற்கொம்பறை. கச்சான் அடிக்கும் மதியத்தில் அந்தத் திண்ணையிலே படுத்தால் குளிர்ச்சி முதுகில் ஏறும். கட்டியவர் பெயர் அங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. போர்க்காலத்தில் நாங்கள் இடம்பெயர்ந்தோம். திரும்பியபோது கூரையில்லை, நிலையுமில்லை. எந்தத் தளபதியும் அதில் தங்கியதில்லை; ஆகையால் அதற்குப் பெயர்ப்பலகையும் இல்லை, காவலும் இல்லை.

அடுத்த தவணையில் அந்தச் சிறுமியையும் அவள் வகுப்பினரையும் தம்பலகாமத்துக்கு அழைத்துச் சென்றேன். அத்திவாரக் கல் புல்லுக்குள் இன்னும் கிடந்தது. பிள்ளைகள் கயிறு பிடித்து அளந்தார்கள். முற்றம் எங்கே முடிந்தது, திண்ணை எங்கே தொடங்கிற்று என்று நான் காலால் கோடு கிழித்துக் காட்டினேன். அவள் அதனைக் கொப்பியில் வரைந்து, வாயிலிருந்த இடத்தில் நின்றுகொண்டு, “காற்று இப்படித்தான் வந்திருக்கும், ஐயா” என்றாள்.