மின்முனையா, நாட்குறிப்பேடா?

கவனம் ஓரிடத்தில் நிற்காமல் அவதிப்படும் பெரியவர்களுக்கு, மாத்திரை தவிர இரண்டு வழிகள் சொல்லப்படுகின்றன. ஒன்று நியூரோஃபீட்பேக். மற்றது, நேரத்தையும் வேலையையும் கையாளப் பழக்கும் குழுப் பயிற்சி.

முதலாவதன் கவர்ச்சி எவருக்கும் புரியும். உச்சந்தலையில் பசை தடவி மின்முனையைப் பதிக்கிறார்கள். மெதுவான தீட்டா அலை தணிந்து வேகமான பீட்டா அலை ஓங்கினால், எதிரே திரையில் இருக்கும் உருவம் நகரும், இல்லாவிட்டால் நின்றுவிடும். சிறுவயது முதல் "சோம்பேறி", "பொறுப்பில்லாதவன்" என்று ஏச்சு வாங்கியே வளர்ந்தவருக்கு, தன் மூளை அலையைக் கண்ணால் பார்ப்பதே பெரிய ஆறுதல். அந்த ஆறுதலை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன்.

குழுப் பயிற்சியில் வேடிக்கை பார்க்க ஒன்றுமில்லை. நியூயார்க்கில் மேரி சொலாண்டோ வகுத்த முறையில், மலைப்பூட்டும் வேலையைச் சிறு துண்டுகளாக உடைக்கிறார்கள்; நாட்குறிப்பேட்டில் நேரம் குறிக்கிறார்கள்; எங்கே தடைப்பட்டது என்று அடுத்த வாரம் கூடிப் பேசுகிறார்கள். வருமான வரிக் கணக்கு ஆறு மாதமாக மேசையில் கிடக்கிறதா? இன்று ரசீதுகளை மட்டும் ஓர் உறையில் போட்டால் போதும்.

இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்தியது ஜெர்மனியின் டூபிங்கன் பல்கலைக்கழகம். 2017இல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் வெளியான அந்த ஆய்வில் 118 பெரியவர்கள் சேர்ந்தார்கள். ஒரு பிரிவுக்கு 30 நியூரோஃபீட்பேக் அமர்வுகள். இன்னொன்றுக்கு முதல் 15 போலி, அடுத்த 15 அசல். மூன்றாவதற்கு 12 வாரக் குழுப் பயிற்சி. போலி எது, அசல் எது என்பது பயிற்சி பெற்றவருக்கும் தெரியாது, அளித்தவருக்கும் தெரியாது. மூன்று பிரிவிலும் அறிகுறிகள் குறைந்தன, ஏறக்குறைய ஒரே அளவில்.

அப்படியானால் இரண்டும் சமம்தானே என்று கேட்கலாம். அங்கேதான் நான் மாறுபடுகிறேன். நியூரோஃபீட்பேக்கால் தன் போலியையே முந்த முடியவில்லை. அமெரிக்காவில் 144 குழந்தைகளிடம் நடத்தி 2021இல் வெளியிட்ட ஆய்விலும் அதே கதைதான். குழந்தைகள் தேறினார்கள், ஆனால் போலிச் சிகிச்சை பெற்றவர்களும் அதே அளவு தேறினார்கள். ஆக, பலன் தந்தது அலைப் பயிற்சி என்று சொல்ல வழியில்லை. எதிர்பார்ப்பும், வாராவாரம் வந்து உட்காரும் ஒழுங்கும், அக்கறையோடு பேசும் ஒருவரின் துணையும் காரணமாக இருக்கலாம். குழுப் பயிற்சியோ கடினமான எதிராளியைச் சந்தித்திருக்கிறது. 2010இல் சொலாண்டோ 88 பெரியவர்களிடம் நடத்திய ஆய்வில், வெறும் ஆதரவுப் பேச்சோடு நின்ற குழுவைவிட இந்தப் பயிற்சி பெற்றவர்கள் கூடுதலாகத் தேறினார்கள்.

டூபிங்கனில் குழுப் பயிற்சிக்குப் போலி வடிவம் இல்லை, உண்மைதான். ஆனாலும் 30 அமர்வு தந்ததை 12 அமர்வு தந்தது, கருவி தேவைப்படவில்லை. கைக்காசு போட்டுச் சிகிச்சைக்குப் போகிறவரிடம் இதைச் சொல்லாமல் தலையில் மின்முனை ஒட்டுவது நியாயமே இல்லை. போலியோடு ஒப்பிட்டபோது என்ன ஆனது என்று அவர் முதல் நாளே கேட்க வேண்டும். சிகிச்சை தருபவர் பதில் சொல்லியாக வேண்டும்.