மேற்கு வர்ஜீனியா, 1960: காக்கப்பட்ட கண்ணியமும் கைவிடப்பட்டதும்

கத்தோலிக்கரான ஆல் ஸ்மித் 1928இல் அமெரிக்க அதிபர் தேர்தலில் பெருந்தோல்வி அடைந்தார். கத்தோலிக்கர் எவரும் அதிபராக இயலாது என்னும் கருத்து அதன்பின் வேரூன்றியது. 1960 மே 10 அன்று மேற்கு வர்ஜீனியாவில் நடந்த ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் தேர்வுக்கான முதனிலைத் தேர்தலில் அக்கருத்து சோதனைக்குள்ளானது.

வாக்காளருள் மிகப் பெரும்பான்மையோர் புராட்டஸ்டன்ட் கிறித்தவர். போட்டியிட்டோருள் ஹியூபர்ட் ஹம்ப்ரியும் அப்பிரிவினரே. ஜான் கென்னடியோ கத்தோலிக்கர். ஆட்சி முடிவுகளில் திருச்சபையின் ஆணைக்குக் கட்டுப்படப் போவதில்லை என்று கென்னடி உறுதியளித்தார். கடற்படையில் சேர்ந்தபோது தம் மதத்தை எவரும் கேட்கவில்லை என்றும் நினைவூட்டினார். ஹம்ப்ரியும் எதிராளியின் சமயத்தைத் தாக்கிப் பரப்புரை செய்யவில்லை. சமயத்தைப் பொறுத்தவரை இருவரும் கண்ணியம் காத்தனர் எனலாம்.

கண்ணியம் குலைந்தது வேறோரிடத்தில். கென்னடிக்காகப் பரப்புரை செய்த இளைய ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட், இரண்டாம் உலகப் போரின்போது ஹம்ப்ரி படைப்பணியைத் தட்டிக்கழித்தார் என்னும் பொருள்படப் பேசினார். உண்மையில் ஹம்ப்ரி, உடல்தகுதி இல்லையென்று படையில் சேர்க்கப்படாதவர்.

கென்னடி சுமார் 61 விழுக்காடு வாக்குகளைப் பெற்றார். ஹம்ப்ரி போட்டியிலிருந்து விலகினார். சமயக் காழ்ப்பைத் தடுக்கும் கேடயமாக ஒருவருக்கு உதவிய போர்ப்பணியே மற்றவரை இழிவுபடுத்தும் கருவியாகவும் ஆயிற்று. சமயக் காழ்ப்பு தணிந்தமையால் மட்டுமே ஒரு தேர்தல் களம் நாகரிகமடைந்துவிடாது என்பதற்கு அத்தேர்தல் சான்று.