தன்ராஜ் பிள்ளை: உடைந்த மட்டையும் மாதச் சம்பளமும்

போன வாரம் கேன்டீனில் ஒரு விவாதம். ஸ்கூல் டீமில் ஃபார்வர்டாக ஆடிய என் வகுப்புத் தோழன், ஹாக்கி மட்டையை விற்றுவிட்டு சி.ஏ. கோச்சிங் சேரப் போகிறானாம். "இதுல என்னடா எதிர்காலம் இருக்கு?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. அதனால்தான் தன்ராஜ் பிள்ளையின் கதையைத் தேடிப் படித்தேன்.

1968-ல் புனே அருகே கட்கியில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர் தன்ராஜ். அப்பாவுக்கு அங்கிருந்த ராணுவத் தளவாடத் தொழிற்சாலையின் மைதானத்தைப் பராமரிக்கும் வேலை. வீட்டில் ஐந்து பையன்கள். புது மட்டை வாங்க ஏது காசு? உடைந்த மட்டையும் மற்றவர்கள் தூக்கிப்போட்ட பந்தும்தான். வறுமையிலும் ஆடு என்று சொன்னவர் அம்மா. பார்த்துப் பழகிய ஆட்டம், அன்றைய நட்சத்திர ஃபார்வர்டு முகமது ஷாகித்துடையது.

சரி, திறமை இருந்தது, ஜெயித்தார் என்று முடித்துவிடலாமா? முடியாது. அண்ணன் ரமேஷ் ஏற்கெனவே மும்பையில் ஆர்.சி.எஃப். உரக் கம்பெனி அணிக்கு ஆடிக்கொண்டிருந்தார். 1980-களின் நடுவில் தம்பியும் அங்கே போனார். ஜோக்கிம் கர்வாலோவின் பயிற்சியில் மஹிந்திரா கம்பெனி அணி, பிறகு இந்தியன் ஏர்லைன்ஸ். அந்தக் காலத்தில் இந்திய ஹாக்கியில் 'புரொஃபஷனல்' என்றால் இதுதான்: கம்பெனி வேலை, மாதச் சம்பளம், சாயங்காலம் ஆட்டம்.

1989-ல் இந்திய அணிக்கு வந்தார். நான்கு ஒலிம்பிக், நான்கு உலகக் கோப்பை, நான்கு ஆசிய விளையாட்டுப் போட்டிகள். நம்ம ஊரில் பாதிப் பேருக்குச் சொந்தக்காரர்கள் இருக்கும் பிரான்சில், லியோன் நகர கிளப்புக்கும் ஆடியிருக்கிறார்!

1998-ல் பாங்காக்கில் அவர் தலைமையில் ஆசிய விளையாட்டுத் தங்கம். 32 வருடத்துக்குப் பிறகு கிடைத்த தங்கம் அது. அடுத்த தொடரிலேயே அவர் உட்பட பலர் அணியில் இல்லை. சொல்லப்பட்ட காரணம் 'ஓய்வு'. ஆட்டப் படி கேட்டதுதான் உண்மையான காரணம் என்று அப்போதே பேச்சு. காமர்ஸ் படிக்கிறவனுக்கு இது புரியும்: உழைப்பு அவருடையது, ஆனால் கையில் ஒப்பந்தம் இல்லை.

இன்று? அரியலூர்ப் பையன் கார்த்தி செல்வம் கோவில்பட்டி அரசு விடுதியில் பயிற்சி பெற்று, 2022 ஆசியக் கோப்பையில் பாகிஸ்தானுக்கு எதிராக கோல் போட்டார். 2024 ஏலத்தில் தமிழ்நாடு டிராகன்ஸ் அவரை எடுத்தது. அதே ஏலத்தில் ஹர்மன்பிரீத் சிங்குக்கு 78 லட்சம். சந்தோஷம்தான். ஆனால் அந்த ஹாக்கி இந்தியா லீக் 2017-க்குப் பிறகு நின்று, 2024 டிசம்பரில்தான் திரும்ப வந்தது. 2017-ல் இருபது வயதில் இருந்த ஃபார்வர்டுக்கு லீக் திரும்பும்போது வயது இருபத்தேழு. ஓடக்கூடிய நல்ல வருடங்களில் பாதி போச்சு.

தோழனிடம் இதைச் சொன்னேன். "அப்ப நான் சொன்னது சரிதானே?" என்றான். பாதி சரி. தன்ராஜுக்கு ஒரு அண்ணனும் ஒரு வேலையும் இருந்தன. இவனுக்கு இரண்டும் இல்லை.

மட்டையை மட்டும் இன்னும் விற்கவில்லை...