டெலியா, பாடியா?

மதுரை யானைமலையின் மிகப் பழைய புகைப்படங்களில் ஒன்று 1858-இன் தொடக்கத்தில், தை மாசி வெயிலில் எடுக்கப்பட்டது. எடுத்தவர் லின்னேயஸ் ட்ரைப். கம்பெனிப் படையில் கேப்டன். சென்னை மாகாண அரசு நியமித்த புகைப்படக்காரர். மலையின் ஒரு முனைக்குப் போய் நின்று எடுத்திருக்கிறார். மேலூர் சாலையில் போய்வருகிற எவரும் அந்தப் பாறையைப் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் சொல்லிவிடுவார்கள்.

மலைப் பக்கம் நடக்காமல் அவரால் அந்தப் படத்தை எடுத்திருக்க முடியாது. தூரத்தில் இருப்பதைப் பெரிதாகக் காட்ட வேண்டுமானால் லென்ஸின் குவியத்தூரம் கூட வேண்டும். அன்றைக்குக் குவியத்தூரம் கூடினால் கேமராப் பெட்டியும் அதே அளவுக்கு நீள வேண்டும். பெட்டியை நீட்டாமல் தூரத்தை இழுக்கும் டெலிஃபோட்டோ லென்ஸை லண்டனில் டால்மையரும், ஜெர்மனியில் மீத்தேயும் ஸ்டைன்ஹைலும் தனித்தனியாக உருவாக்கியது 1891-இல்தான். அதுவரை இந்த ஊரில் கேமரா தூக்கியவர்களுக்குக் கால்தான் டெலி.

“அண்ணே, டெலி வாங்கவா, பாடிய மாத்தவா?” என்று இப்போது தம்பிமார்கள் என்னிடம் கேட்கிறார்கள். ட்ரைப்புக்கு அந்தக் கேள்வி வரவில்லை. ஆனால் அதற்கு அண்ணன் முறையில் ஒரு கேள்வி அவருக்கும் இருந்தது: காகிதமா, கண்ணாடியா? மெழுகு ஏற்றிய காகித நெகட்டிவ் எடை குறைவு. முன்கூட்டியே தயார் செய்து கட்டிக்கொண்டு போகலாம், திரும்பி வந்து கழுவலாம். ஆனால் ஒளியை மெதுவாகத்தான் வாங்கும். நிமிடக் கணக்கில் மூடியைத் திறந்துவைக்க வேண்டும், ஆள் அசைந்தால் ஆள் இல்லை. கண்ணாடியில் கொலோடியன் பூசினால் சிற்பத்தின் விரல் நகம்கூடத் தெரியும். ஆனால் கனம், உடைசல். ஈரக் கொலோடியன் என்றால் பூச்சு காய்வதற்குள் எடுத்துக் கழுவியாக வேண்டும். மதுரை வெயிலில் பூச்சு எவ்வளவு சீக்கிரம் காயும் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அவர் ஒன்றைவிட்டு ஒன்றைப் பிடிக்கவில்லை, இரண்டையும் அந்தப் பயணத்தில் கையாண்டார். கிட்டத்தட்ட பதினைந்து அங்குல நீளமுள்ள பெரிய படங்களோடு, இரட்டைக் கண்ணில் பார்க்கும் சின்ன ஸ்டீரியோ படங்களும் எடுத்தார்.

அந்த உழைப்பில் நமக்குக் கிடைத்தது கொஞ்சமல்ல. புதுமண்டபத்தின் நடுச்சாலை, நீண்ட தூண் வரிசை, வைகையும் அதன் குறுக்கே ஊருக்குள் வரும் தரைப்பாலமும், பிளாக்பர்ன் துரைக்காக நட்ட விளக்குத்தூண். எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமானது திருமலை நாயக்கர் மகால். 1866-இல் நேப்பியர் பிரபு பழுதுபார்க்கத் தொடங்குவதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பு மகால் எப்படிச் சிதைந்து கிடந்தது என்பதற்கு அந்தப் படங்கள் கண்கண்ட சாட்சி. அந்த நெகட்டிவ்கள் ஊதா, நீல நிறத்தைத்தான் வேகமாக வாங்கும் என்பதால் வானம் வெறும் வெள்ளையாக விழும். ட்ரைப் நெகட்டிவிலேயே தூரிகை வைத்து மேகம் வரைந்திருக்கிறார். மதுரைக் காட்சிகள் நான்கு பாகங்களாக 1858-இலேயே வெளிவந்தன. அடுத்த ஆண்டு ஆளுநராக வந்த ட்ரெவல்யன், இதெல்லாம் அரசுக்குத் தகாத ஆடம்பரம் என்று முடிவெடுத்தார். ட்ரைப்பின் வேலை நின்றது. பிறகு 1867-68-இல் கேப்டன் லயன், 1869-இல் சாமுவேல் போர்ன் என்று பலர் வந்தார்கள். அவர்கள் படங்களும் நல்ல படங்கள்தான். ஆனாலும் மகாலின் இடிபாட்டைப் பார்த்தவரின் படத்துக்கு இணையாக எதையும் என்னால் வைக்க முடியவில்லை.

நான் தொழிலுக்கு வந்தது எண்பதுகளில், டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு ஸ்டூடியோவில் டார்க் ரூம் பையனாக. மூலையில் ஒரு மரக்கால் பிளேட் கேமரா துணி போர்த்தி நிற்கும். கல்யாணத்துக்கு ரோலிஃபிளெக்ஸ், கை குறைந்தவர்களுக்கு யாஷிகா மேட். இரண்டு கண் வைத்த அந்தக் கேமராக்களில் லென்ஸைக் கழற்ற முடியாது. வீடுகளில் இருந்த ஆக்ஃபா கிளிக் த்ரீயிலும் முடியாது. ஆகவே அந்தத் தலைமுறைக்கு லென்ஸா, பாடியா என்ற யோசனையே எழவில்லை. மணமக்களுக்குக் கிட்டப் போனார்கள், எடுத்தார்கள்.

லென்ஸ் கழற்றும் 35 எம்எம் கேமராக்கள் ஊருக்குள் வந்த பிறகுதான் கணக்கு மாறியது. அந்தக் கணக்கைப் புரிந்துகொள்ள ஒரு விஷயம் தெரிய வேண்டும். ஃபிலிம் காலத்தில் பாடி என்பது வெளிச்சம் புகாத ஒரு பெட்டி. நேரத்துக்குத் திறந்து மூடும் ஒரு ஷட்டர். படத்தின் தரத்தைத் தீர்மானித்தவை முன்னால் இருந்த லென்ஸும் பின்னால் ஓடிய ஃபிலிமும். ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் செய்த ‘இந்து’ கருப்பு வெள்ளை, கிழக்கு ஜெர்மனியின் ஆர்வோ, கையில் காசிருந்தால் கோடாக். எதைப் போட்டாலும் பழைய பாடி ஏற்றுக்கொள்ளும். கோடாக் ஒரு நல்ல ஃபிலிம் கொண்டுவந்தால் அன்றைக்கே மதுரையில் இருக்கும் அத்தனை பழைய கேமராவும் புதுசாகிவிடும். பாடியை மாற்ற வேண்டியதில்லை. அதனால் மிச்சம் பிடித்த பணம் லென்ஸுக்குத்தான் போகும்.

போனால்தானே! 1991 வரை வெளிநாட்டுக் கேமராவுக்கு இறக்குமதிக் கட்டுப்பாடும் கனத்த சுங்கமும் இருந்தன. சென்னை பர்மா பஜாரில் தேட வேண்டும், இல்லையென்றால் சிங்கப்பூரிலிருந்து வரும் சொந்தக்காரர் பெட்டியில் இடம் கேட்க வேண்டும். ஒரு முறைக்கு ஒரு பொருள் வந்தால் பெரிது. என் மாமா மகன் அப்படிக் கொண்டுவந்ததுதான் என் நிக்கான் எஃப்எம்2. பேட்டரி தீர்ந்தாலும் ஷட்டர் ஓடும். அடுத்த முறை அவர் வந்தபோது என்ன வேண்டும் என்று கேட்டார். கூட இருந்தவர்கள் எல்லாரும் இரண்டாவது பாடி வாங்கச் சொன்னார்கள். கல்யாண வேலைக்கு அது நியாயம்தான். ஒன்றில் கலர், ஒன்றில் கருப்பு வெள்ளை என்று போட்டு எடுக்கலாம். நான் 300 எம்எம் எஃப் 4.5 கேட்டேன். அந்த லென்ஸ் எனக்குக் கல்யாணத்தில் ஒரு ரூபாய்கூடச் சம்பாதித்துத் தரவில்லை. மண்டபத்துக்குள் அதை வைத்துக்கொண்டு எங்கே பின்னால் போவது? இந்த ஊரில் டெலி வாங்கியவர்கள் பத்திரிகைக்காரர்களும், பறவைப் பித்து பிடித்தவர்களும்தான். நான் இரண்டிலும் கால் வைத்தவன்.

பத்திரிகைக்காரனுக்குப் பரீட்சை, அழகர் ஆற்றில் இறங்கும் அன்று. சித்ரா பௌர்ணமியை ஒட்டி, விடிந்தும் விடியாத வேளை. தங்கக் குதிரையில் கள்ளழகர் வருகிறார். ஆற்று மணலில் தலை தவிர எதுவும் தெரியாத கூட்டம். கருப்பசாமி வேடம் கட்டியவர்கள் தோப்பறையிலிருந்து தண்ணீரைப் பீய்ச்சுகிறார்கள். கேமராவுக்குப் பாலித்தீன் சுற்றிக்கொண்டு நிற்கிறோம். தூரம் என்று பார்த்தால் 300 கச்சிதம். வெளிச்சம்தான் கைவிடும். 400 ஏஎஸ்ஏ ஃபிலிமை 1600-க்குத் தள்ளிக் கழுவுவதாக வைத்து எடுத்தாலும், எஃப் 4.5-இல் ஷட்டர் 1/60-க்கு மேல் ஏறாது. 300 எம்எம் லென்ஸைக் கையில் பிடித்து ஆடாமல் எடுக்க 1/250 ஆவது வேண்டும். ஃப்ளாஷ் அத்தனை தூரம் எட்டாது. எட்டினாலும் பீய்ச்சிய தண்ணீரில் பட்டுத் திரும்பும். ஆகவே என் 300 பையிலேயே கிடக்கும். முந்தின இரவே போய் இடம் பிடித்து, 85 எம்எம் எஃப் 1.8-இல் எடுப்பேன். எவ்வளவு நீளமான லென்ஸ் இருந்தாலும் அந்த விடியலில் ட்ரைப் மாதிரி கிட்டப் போக வேண்டியதுதான்.

கண்மாய் வேறு உலகம். சாமநத்தம், மாடக்குளம், வண்டியூர் என்று நம் ஊரைச் சுற்றியிருக்கும் கண்மாய்களில் வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை, தூரம்தான் பிரச்சினை. கரையில் ஆள் தலை தெரிந்தாலே புள்ளிமூக்கு வாத்து நடுத்தண்ணீருக்குப் போய்விடும். நல்ல வெயிலில் 100 ஏஎஸ்ஏ ஃபிலிமுக்கு எஃப் 8-இல் 1/500 கிட்ட கிடைக்கும். அங்கே 300 எனக்குச் சோறு போட்டது. அதோடு இரண்டு மடங்கு கன்வெர்ட்டர் போட்டு 600 ஆக்கியும் பார்த்திருக்கிறேன், எஃப் 4.5 எஃப் 9 ஆகிவிடும், வ்யூஃபைண்டர் இருண்டுவிடும். ஆனால் கடையில் யாரும் சொல்லாத ஒரு விஷயத்தைக் கண்மாய்தான் சொல்லும். வெயில் ஏறிவிட்டால் காய்ந்த வண்டல் மேல் கானல் எழும்பும். அப்போது லென்ஸ் நீளமாக நீளமாகப் பறவையோடு சேர்ந்து கானலும் பெரிதாகும். இறகு இழை இழையாகத் தெரிய வேண்டிய இடத்தில் கொழகொழவென்று கிடக்கும். அதற்கு எந்த விலையிலும் மருந்து கிடையாது. காலை எட்டரை, ஒன்பதுக்குள் வேலையை முடிப்பது ஒன்றே வழி.

லென்ஸை நம்பியவர்களில் என் மனத்தில் முதலிடம் மா. கிருஷ்ணனுக்கு. 1912-இல் திருநெல்வேலியில் பிறந்தவர், எழுத்தாளர் அ. மாதவையாவின் மகன், காட்டுயிர் பற்றித் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியவர். கருப்பு வெள்ளை தவிர எதிலும் எடுக்கமாட்டார். அவர் கேமரா எந்தக் கடையிலும் கிடைக்காதது: ஒரு கம்பெனியின் பாடி, இன்னொரு கம்பெனியின் டெலி லென்ஸ், மற்றதெல்லாம் அவரே சேர்த்துக் கட்டியது. அதற்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயரும் வைத்திருந்தார். யானையின் தோல் மடிப்பு அந்தப் படங்களில் எப்படி விழுந்திருக்கிறது என்று பாருங்கள். வேண்டிய லென்ஸை முதலில் முடிவு செய்து, அதைத் தாங்க ஒரு பெட்டியைத் தேடியவர் அவர். பாடி லென்ஸுக்கு வேலைக்காரன் என்பதை அவ்வளவு தெளிவாகக் காட்டியவர் வேறு யாரையும் எனக்குத் தெரியாது.

ஜல்லிக்கட்டிலும் லென்ஸ் நீண்டது, ஆனால் அங்கே காரணம் வேறு. முன்பெல்லாம் அலங்காநல்லூர், பாலமேட்டில் வாடிவாசலுக்கு எதிரேயே நிற்போம். 50 எம்எம் போதும். காளையின் மூச்சு மேலே படும். 2009-இல் தமிழக அரசு ஜல்லிக்கட்டை முறைப்படுத்தச் சட்டம் கொண்டுவந்தது. தடுப்புவேலி, கேலரி என்று வந்து நாங்கள் மேலேயும் தள்ளியும் போனோம். உயிருக்கு நல்லது, நான் குறை சொல்லமாட்டேன். 2014-இல் தடை வந்து, 2017 போராட்டத்துக்குப் பிறகு வாடிவாசல் மறுபடி திறந்தபோது, கேலரியில் நின்ற எங்கள் எல்லார் கையிலும் 200-க்குக் குறைந்த லென்ஸ் இல்லை.

அதற்குள் டிஜிட்டல் எல்லாவற்றையும் புரட்டிப் போட்டிருந்தது. 2003-இல் கேனான் 300டி, 2004-இல் நிக்கான் டி70 வந்தன. சாதாரணக் கேமராக்காரனும் கனவு காணும் விலைக்கு டிஜிட்டல் இறங்கியது. ஃபிலிம் இருந்த இடத்தில் சென்சார் உட்கார்ந்தது. அதைக் கழற்றி மாற்ற முடியாது. நல்ல சென்சார் வேண்டுமா, பாடியையே மாற்று. டெலியா, பாடியா என்ற கேள்வி உண்மையான கேள்வியானது அன்றைக்குத்தான். ஃபிலிமைவிடச் சின்னதான அந்த சென்சாரில் 300 போட்டால் 450 ஆகிவிடும் என்று கடைக்காரர்கள் சொன்னார்கள். அது பாதி உண்மை. லென்ஸ் தரும் பறவை அதே அளவுதான். ஓரங்கள் வெட்டுப்படுவதால் பெரிதாகத் தெரிகிறது.

பாடியை மாற்றுவதன் முழு அர்த்தம் எனக்கு விளங்கியது, 2007-இல் அறிவிக்கப்பட்ட நிக்கான் டி3-ஐப் பத்திரிகை நண்பர் ஒருவரிடம் ஓர் அழகர் விடியலுக்காக இரவல் வாங்கியபோது. ஐஎஸ்ஓ 6400. அதே பழைய 300, அதே இருட்டு. ஷட்டர் 1/250-க்கு ஏறியது. தங்கக் குதிரையின் கண்ணும் அழகரின் பட்டு மடிப்பும் தூரத்திலிருந்து தெளிவாக விழுந்தன. அன்று ஆற்றங்கரையில் நின்று எனக்குக் கண் கலங்கியது. சிங்கப்பூரிலிருந்து வந்த அந்த லென்ஸ் அத்தனை வருடம் பையில் காத்துக் கிடந்தது அந்த ஒரு விடியலுக்குத்தான் என்று தோன்றியது. நிக்கான் 1959-இல் வைத்த எஃப் மவுண்ட்டை மாற்றாமல் வைத்திருந்ததால்தான் அது நடந்தது. கேனான் 1987-இல் ஆட்டோஃபோகஸுக்காக மவுண்ட்டையே மாற்றிவிட்டது. பழைய எஃப்டி லென்ஸ் வைத்திருந்த நண்பர்களுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. லென்ஸ் வாங்கும்போது மவுண்ட்டையும் சேர்த்து வாங்குகிறோம் என்பதை மறக்காதீர்கள்.

2022 நவம்பரில் அரிட்டாபட்டியைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்த பிறகு, ஞாயிறுகளில் அந்தக் குன்றுகளுக்குக் கீழே கேமராவோடு இளைஞர்கள் நிற்கிறார்கள். லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு பாறை உச்சியில் உட்கார்ந்திருக்கும். கூட்டுக்குப் பக்கத்தில் ஏறிப் போகிற ஆசையை விடுங்கள். நீளமான லென்ஸ் இருப்பதே அதற்காகத்தான். ட்ரைப்பின் காலத்தில் கிட்டப் போவது ஒன்றே வழி, இன்று கிட்டப் போகாமல் இருக்க வழி இருக்கிறது.

வாங்குவதற்கு முன், போன வருடம் நீங்கள் ஒதுக்கிய படங்களைத் திறந்து பாருங்கள். பறவை கூர்மையாக இருந்தும் கடுகளவாக விழுந்திருந்தால் குறை லென்ஸில். அளவு சரியாக இருந்தும் ஆடியோ, புள்ளி புள்ளியாகவோ இருந்தால் குறை பாடியில். எது என்று தெரிந்த பிறகும் ஒரு நாள் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். முடிந்தால் ஒரு விடியலும் ஒரு காலை வெயிலும் அதோடு நில்லுங்கள். பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் என் பதில் இதுதான்: கண்மாய்க்கும் அரிட்டாபட்டிக்கும் போகிறவர் டெலி வாங்குங்கள், அழகருக்காக ஆற்றில் நிற்கிறவர் பாடியை மாற்றுங்கள்.